ஸ்ரீபாலன் வாத்தியாரின் காது

பள்ளிக்கூடத்துக்கு ஆராய்ச்சி செய்ய ஆள் வரப்போகிறது என்று தலைமையாசிரியர் சொன்ன அன்று ஸ்ரீபாலன் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற வாத்தியார்களும் பயந்தார்கள். ஆனால் அவர்களுடையது ஊரோடு ஒத்த பயம். பிள்ளைகள் உளறிக் கொட்டிவிடும், மேலிடத்துக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். இரண்டு வாரம் பிரம்பைச் சுழற்றினால் தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். ஸ்ரீபாலனின் பயம் பிரம்புக்கு அடங்குகிற பயம் இல்லை. அவருடைய கண்ணுக்கு மருந்தே கிடையாது என்று சென்னையில் ஒரு டாக்டர் நான்கு வருஷத்துக்கு முன்பே கையை விரித்துவிட்டார்.

அது 1971ஆம் வருஷம். ஸ்ரீபாலனுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர்; ஆகவே காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் அவர் நயினார் வாத்தியார். தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் கோடியில் இருந்த தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு அவருடையது. முப்பத்தொரு பிள்ளைகள், முக்கால்வாசி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் மனைவி இந்திரா, இரண்டு பெண்கள். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பங்குபோட்டுத் தேய்ந்துவிட்டது. வாத்தியார் வேலை ஒன்றுதான் சொத்து.

கண் போனது ஒரே நாளில் இல்லை. முதலில் அந்தி மங்கியதும் எதுவும் தெரியாமல் போனது. பிறகு பக்கவாட்டில் இருப்பவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. ஆராய்ச்சி வந்த வருஷத்தில் அவருக்கு மூங்கில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் உலகம். நல்ல வெயிலில், நேர் எதிரே வைத்தால், பெரிய எழுத்தை ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் மூக்கு தெரியும். காது தெரியவேண்டுமானால் தலையைத் திருப்பவேண்டும். இதை அறிந்தவர்கள் டாக்டர், இந்திரா, அவர், மூன்றே பேர்.

ஊருக்குத் தெரியாமல் நான்கு வருஷம் எப்படி ஓட்டினார் என்றால், அவருடைய மதம் காப்பாற்றியது. சமணர்கள் விளக்கு வைப்பதற்குள் சாப்பிட்டு முடிப்பவர்கள். பள்ளி விட்டதும் வாத்தியார் விறுவிறுவென்று வீட்டுக்கு நடப்பதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. "நயினாரு பொழுதோட துன்னணும்பா, புடிச்சு நிறுத்தாதீங்க" என்று அவர்களே வழிவிட்டார்கள். நோன்பு இருந்தால் நல்ல கதி கிடைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது இந்தக் கதியைத்தானா என்று அவர் இந்திராவிடம் ஒருமுறை கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

மதம் காலையில் காப்பாற்றாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலை, வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், அவர் நேராக ஒரு பாவுக்குள், தறியில் ஏற்றப்போகிற நீள இழைகளுக்குள், நடந்துவிட்டார். வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி இழை இழையாகச் சரிபார்ப்பது அந்தத் தெருக்காரர்களின் வழக்கம். குழந்தைகூட அதைச் சுற்றித்தான் போகும். நாய்கூடக் குனிந்து போகும். இவர் இடுப்பால் கிழித்துக்கொண்டு போனார். இழைகள் படபடவென்று அறுந்தன. "யோவ், கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று கத்திக்கொண்டு வந்த தணிகாசலம், ஆளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "அட, வாத்தியாரா! ஏதோ ரோசனையில வந்துக்கினு இருந்தீங்க போல." தணிகாசலத்தின் குடும்பமே உட்கார்ந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டது. வாத்தியார் நகரவில்லை. செய்த தப்புக்கு வருந்தி நிற்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். வெயில் நன்றாக வந்தபிறகுதான் அவருக்குப் போகிற வழி தெரிந்தது. அன்றிலிருந்து குளக்கரையோடு சுற்றி வந்தார்.

இருட்டுக்குக்கூட அவர் அவ்வளவாக அஞ்சவில்லை. அவருடைய சித்தப்பாவுக்கும் இதே கண்தான். முப்பது வருஷம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். வேளைக்குச் சோறு வந்தது, துணி வந்தது, ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருவரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. மழை வருமா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த மூலை தனக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் ஸ்ரீபாலனின் பயம்.

கண் இல்லாமல் வகுப்பு நடத்துவது எப்படி? பாடப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதுதான் சங்கடமாகப் போயிற்று. ஏனென்றால் பிள்ளைகளுக்கும் அது தலைகீழ்ப் பாடம். வாசிக்கிறானா, மனப்பாடத்தை ஒப்பிக்கிறானா? கண்ணுள்ள வாத்தியார் பிள்ளையின் விரல் எந்த எழுத்தின் மேல் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பார். இவருக்கு அது முடியாது. ஆகவே ஒருவருக்கும் மனப்பாடம் இல்லாத எழுத்து அவருக்குத் தேவைப்பட்டது. "நாளைக்கு ஆளுக்கு ஒரு காகிதம் எடுத்தாங்க, எழுத்து இருக்கிறதா எதுவானாலும் சரி" என்றார். சினிமா நோட்டீஸ் வந்தது, பொட்டலம் கட்டிய பழைய செய்தித்தாள் வந்தது, கல்யாணப் பத்திரிகை, சூரண டப்பா, ஒருமுறை யாரோ வீட்டுக் கோர்ட்டு சம்மன்கூட வந்தது. இரண்டிரண்டு பேராக உட்காரவேண்டும். ஒருவர் வாசிக்க, மற்றவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கவேண்டும். தப்பினால் தரையில் ஒரு தட்டு. வாத்தியார் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாக்கியம் நொண்டுகிறதே, தட்டு விழவில்லையே என்றால், "நாலாவது ஜோடி, ரெண்டு பேரும் தூங்கறீங்களா? மறுபடியும்" என்பார். பிள்ளைகள் மிரண்டார்கள். சாருக்கு முதுகிலும் காது உண்டு என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு.

இந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி வந்தது. அதன் பெயர் கமலவேணி. சென்னையில் ஒரு ஆசிரியர் கல்லூரியில் விரிவுரையாளர், முப்பது வயதிருக்கும். நெசவாளர் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் என்று டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. கையில் விநாடி எண்ணுகிற கடிகாரம், பையில் அட்டைகள், கெட்டி அட்டை போட்ட நோட்டு. ஆவணி மாதம் பன்னிரண்டு பள்ளிக்கூடங்களில், எந்தப் புத்தகத்திலும் இல்லாத பத்திகளைக் கொடுத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னாள். பதினொன்றில் பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள், சிலர் அழுதார்கள். பன்னிரண்டாவதில் முப்பத்தொரு பேரும் வாசித்தார்கள். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் வாசித்தார்கள். கேள்வி கேட்டால் பதிலும் சொன்னார்கள்.

வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் குதித்திருப்பார். ஸ்ரீபாலன் குதிக்கவில்லை. ஏனென்றால் அவள், "சார், பத்து நாள் உங்க வகுப்புல உக்காந்து பாக்கறேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பத்து நாளும் அவருக்கு நெருப்பின் மேல் நிற்கிற நாள்களாகப் போயின. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க முடியாது. பேனா கீறுகிற சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். கரும்பலகையில் எழுதாமல் இருந்தால் கீறல். நோட்டைக் கையில் வாங்காமல் பிள்ளையையே படிக்கச் சொன்னால் கீறல். அவள் ஒருநாள் பக்கத்தில் வந்து ஒரு அட்டையை நீட்டியிருக்கிறாள். அவருக்கு அது தெரியவில்லை. "சார்" என்று கூப்பிட்டபிறகு திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏதோ ரோசனைமா" என்றார். தணிகாசலம் கொடுத்த சாக்கு, அதுவரைக்கும் நன்றாகத்தான் உழைத்தது. பேனா கீறவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் அவள் கேட்டாள். "இந்த முறையை எங்க சார் கத்துக்கிட்டீங்க? எந்தப் பயிற்சிப் பள்ளியிலயும் இத சொல்லித் தரதில்லையே."

"சும்மா தோணுச்சும்மா."

"சும்மா தோணாது சார். ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதத்தான் நான் எழுதணும்."

காரணத்தைத் தேடுவதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. திருடனைப் பிடிக்க வருகிறவனுக்காவது லஞ்சம் கொடுக்கலாம்.

ஐப்பசியில் பள்ளித் துணை ஆய்வாளர் கைலாசம் வந்தார். தட்டிக் கொடுத்தார். "ஸ்ரீபாலன், உங்க காட்டுல மழை. தாலுகாவுக்கு ஒரு பயிற்சியாளர் போடறாங்க. ஊர் ஊராப் போயி மத்த வாத்தியாருங்களுக்குச் சொல்லித் தரணும். அந்தம்மா தை மாசம் இன்னொரு பரீட்சை வெக்குது. இதே மாதிரி வந்துச்சுன்னா நீங்கதான்."

"எனக்கு எதுக்குங்க சார் அதெல்லாம்."

"எதுக்கா? ஆளாளுக்கு நான் நீன்னு நிக்கறான். ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட், அது வழக்கமா கேக்கறதுதான். காது, கண்ணு, நெஞ்சு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. உங்களுக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கறீங்க."

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா?"

கைலாசம் சிரித்தார். "பிரமோஷன் வேணாம்னு சொல்றவனத்தான்பா ஏன்னு தோண்டுவாங்க."

அன்று விளக்கு வைப்பதற்கு முன் இந்திரா பரிமாறினாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவள் மோர் ஊற்றினாள். பிறகு, "ஏங்க, இந்த வாட்டி புள்ளைங்க சரியா வாசிக்கலேன்னா வுட்டுடுவாங்க இல்ல?" என்றாள். அவள் யோசனை சொல்லவில்லை. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். ஆனால் அது அவர் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது.

கார்த்திகை முதல் தேதியிலிருந்து அவர் வகுப்பைக் கெடுக்க ஆரம்பித்தார். நல்ல மனுஷன் கெட்ட காரியம் செய்ய இறங்கினால் அதையும் ஒழுங்காகத்தான் செய்கிறான். ஜோடிகளைப் பிரித்து வரிசையில் உட்காரவைத்தார். காகிதம் எதுவும் எடுத்துவரக் கூடாது என்றார். பாடப் புத்தகத்தை அவர் ஒரு வரி சொல்ல, முப்பத்தொரு பேரும் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். 'நமது நாடு பெரிய நாடு! வடக்கே இமயமலை உயர்ந்து நிற்கிறது!' பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்து, "இப்பதான்யா பள்ளிக்கூடம் மாதிரி இருக்குது" என்று பாராட்டினார்.

பிள்ளைகளுக்கும் இது சுகமாகத்தான் இருந்தது, ரேணுகாம்பாள் ஒருத்தியைத் தவிர. ஒன்பது வயது, வகுப்பிலேயே மெல்லிய குரல். வகுப்புக்கு வந்த புதிதில் ஒரு வார்த்தைக்கு மூச்சு வாங்கியவள், ஆவணிப் பரீட்சையில் கடைசி வரி வரைக்கும் போனாள். மூன்றாம் நாள் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், காப்பித்தூள் கட்டன பேப்பர் எடுத்தாந்துக்கிறேன். புதுசு சார், ஒருத்தரும் படிக்கல."

"உள்ள வையி."

"அப்பறம் படிக்கலாமா சார்?"

"உள்ள வையின்னு சொன்னேன் இல்ல?"

அவர் குரலை உயர்த்தி அதற்குமுன் அவள் கேட்டதில்லை. அவள் போன சத்தம்கூட வரவில்லை. அவ்வளவு பயந்து நடந்து போயிருக்கிறாள். தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த வரியைச் சொன்னார். அந்த இரண்டு மாதத்தில் அவர் ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை. முன்பு ஒரு பயம் இருந்தது. இப்போது அதன்மேல் வெட்கமும் ஏறிக்கொண்டது.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த மறுவாரம் கமலவேணி கடிகாரத்தோடு வந்தாள். பதினோரு மணிக்குக் கைலாசமும் ஜீப்பில் வந்துவிடுவார் என்று தலைமையாசிரியர் இரண்டுமுறை நினைவுபடுத்தினார். தாழ்வாரத்தில் மேஜை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வாத்தியார் வகுப்புக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு கதவுதான்.

முதல் பையன் இழுத்தான். இரண்டாவது பெண் நான்கு வார்த்தைக்குமேல் போகவில்லை. மூன்றாவது பையன் ஊகித்து ஊகித்து ஏதோ சொன்னான். ஸ்ரீபாலனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இல்லை என்று அவர் பிற்பாடு ஒருநாளும் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டார். பிழைத்துவிட்டோம், மெடிக்கல் இல்லை, மூலை இல்லை, இன்னும் சில வருஷம் இந்த நாற்காலி உண்டு என்று சந்தோஷப்பட்டார்.

நாலாவதாக ரேணுகாம்பாளைக் கூப்பிட்டார்கள்.

அட்டையில் தென்னேரி ஏரியைப் பற்றிய ஒரு பத்தி. தண்ணீர் வற்றியதும் கொக்குகள் வந்து இறங்கின என்று தொடங்கும். மற்ற மூன்று பேரும் அதில்தான் முட்டிக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் ஒரு வினாடி பேசாமல் இருந்தாள். பிறகு, ஒருநாளும் இல்லாத உரத்த குரலில், ராகத்தோடு ஆரம்பித்தாள். "நமது நாடு பெரிய நாடு! வடக்கே இமயமலை உயர்ந்து நிற்கிறது! தெற்கே கடல் சூழ்ந்திருக்கிறது!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. ஒரு எழுத்து பிசகவில்லை. இரண்டு மாதமாக சார் எதைக் கேட்டாரோ, அதைச் சாருக்காகச் சுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாம் அனைவரும்" என்ற இடத்தில் குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்குப் பழக்கமானது. அதே நடுக்கத்தோடுதான் அவர் நான்கு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்தார். கதவை நோக்கி வேகமாக நடந்தார். பரீட்சைக்காகப் பிள்ளைகள் ஒரு பெஞ்சை வாசற்படிக்குக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. முழங்கால் இடித்து, பெஞ்சோடு தாழ்வாரத்தில் விழுந்தார். சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் தரையைத் தடவி, கதவு நிலையைப் பிடித்து எழுந்து நின்றார். பட்டப்பகல், பளீரென்ற வெயில். பேனா கீறுகிற சத்தம் எங்கேயும் இல்லை.

"அம்மா, நிறுத்துங்க. இந்தப் பரீட்சை செல்லாது. நான்தான் கெடுத்தேன்."

"சார், மொதல்ல உக்காருங்க. முழங்கால்ல ரத்தம் வருது."

"வரட்டும். காரணம் கேட்டீங்களே, சொல்றேன். எனக்குக் கண்ணு தெரியாது. நாலு வருஷமா. இதுங்க வாசிக்குதா ஒப்பிக்குதான்னு கண்டுபிடிக்க எனக்கு வேற வழி இல்ல. அதான் அந்த முறை. வேற ஒண்ணுமில்ல. திரும்ப நல்லா வாசிச்சா மெடிக்கலுக்கு அனுப்புவாங்கன்னு இதுங்கள ரெண்டு மாசமா ஊமையாக்கிட்டேன்."

கமலவேணி நோட்டை மூடி வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "அன்னிக்கி அட்டைய நீட்டினப்பவே எனக்குச் சந்தேகம் சார்" என்றாள். "எழுதினா உங்க வேலை போயிடும். எழுதலேன்னா என் ஆராய்ச்சி பொய். நாலு மாசமா நானும் அந்தப் பக்கத்த காலியாத்தான் வெச்சிருக்கேன்."

"எழுதுங்கம்மா."

"பயமா இல்லையா சார்?"

"இருக்குது. ஆனா எழுதுங்க. நாளைக்கு வேற வாத்தியாரு இத கண்ணு முழிச்சுக்கினே செய்யலாம் இல்ல?"

அவர் குனிந்து, ரேணுகாம்பாள் நிற்கிற பக்கம் என்று தோன்றிய பக்கம் திரும்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திரும்பியிருந்தார். அவள் நகர்ந்து வந்து அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டாள்.

"ரேணுகா, நீ ஒரு தப்பும் பண்ணலமா. சார்தான் பண்ணேன். அந்த அட்டையில இன்னா எழுதியிருக்குதுன்னு சாருக்குத் தெரியாது. படிக்க முடியாது. நீ சொன்னாத்தான் தெரியும்."

அவள் அட்டையை எடுத்தாள். கமலவேணி கடிகாரத்தை மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

"தென்... தென்னேரி," என்றாள் ரேணுகாம்பாள். "தென்னேரி ஏரியில் தண்ணீர்... வத்..." எங்கிருந்தோ ஒரு பிள்ளை தரையில் தட்டியது. "வற்றியதும்." மூச்சு வாங்கினாள். "வற்றியதும் கொக்குகள்..."

வாசலில் ஜீப் வந்து நின்றது. கைலாசத்தின் செருப்புச் சத்தம் படியேறியது. ரேணுகாம்பாள் பாதியில் நிறுத்தினாள். ஸ்ரீபாலனின் கை நிலையை இன்னும் இறுகப் பிடித்தது.

"நிறுத்தாத கண்ணு," என்றார். "கொக்குங்க இன்னா பண்ணுச்சு?"